மடித்து வைத்ததும் மறைத்து வைத்ததும்

கேள்வி: நானும் என் தம்பியும் தையல் இயந்திரப் பழுதுகளை விளக்கும் ஓர் இணையதளம் நடத்துகிறோம். ஒரு பழுதுக்கு ஒரு பக்கம். மேலே இரண்டு வரி அறிமுகம். அதன் கீழே காரணங்கள், சரிசெய்யும் முறை, தேவையான கருவிகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். தலைப்பை அழுத்தினால்தான் உள்ளே இருப்பது விரியும். வாசகர்கள் எழுதிய அனுபவக் குறிப்புகள் தனி டேப்பில் இருக்கின்றன. அதை அழுத்தியதும் ஒரு சக்கரம் சுற்றும், பிறகு அவை வந்து சேரும். இதைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதெல்லாம் மறைக்கப்பட்ட உரை. கூகுள் கண்டுபிடித்தால் தளத்தையே தூக்கிவிடும்" என்று பயமுறுத்திவிட்டார். "எல்லாத் தளங்களும் இப்படித்தானே இருக்கின்றன" என்கிறான் தம்பி. எல்லாவற்றையும் திறந்துவைத்துப் பார்த்தேன். கைபேசியில் பக்கம் அனுமார் வால் போல நீள்கிறது. என்ன செய்யலாம்? பக்கத்தின் அடியில் "மேலும் தகவல்" என்று ஒரு பெட்டியும் இருக்கிறது. தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர் வைத்தது. நாங்கள் அதைத் தொடுவதில்லை. இன்னொரு சின்னச் சந்தேகம்: தேடல் பொத்தானில் பூதக்கண்ணாடிப் படம் மட்டும்தான் தெரிகிறது, ஆனால் குறியீட்டில் அதற்குள் "தேடு" என்ற சொல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: விரிந்து சுருங்கும் பெட்டிகளுக்காகக் கூகுள் உங்கள் தளத்தைத் தண்டிக்காது. இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் தம்பி பக்கம்தான். அவர் சொன்ன காரணம் மட்டும் செல்லாது. எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காகத் தேடுபொறி எதையும் மன்னித்ததில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை வேறு இரண்டு. ஒன்று, சுற்றும் அந்தச் சக்கரம். மற்றொன்று, நீங்கள் தொடாமல் விட்டிருக்கும் அந்த அடிப்பெட்டி.

முதலில் நண்பரின் பயத்தைப் பார்த்துவிடுவோம். அது ஒன்றுமில்லாததிலிருந்து முளைத்தது அல்ல. 1990களின் பிற்பகுதியில் ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், ஒரு பக்கத்தில் என்னென்ன சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்பதைப் பெரிதும் நம்பின. அதைத் தெரிந்துகொண்டவர்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை வரிவரியாக எழுதி வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான். கொஞ்ச காலம் மறைந்தும் இருந்தது. சுட்டியால் அந்த வெற்றிடத்தை இழுத்தால் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்துவிடும். போட்டியாளர்களின் பக்கங்களை அப்படி இழுத்துப் பார்ப்பது, தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் எங்கள் தொழிலில் அன்று ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது.

அந்தப் பழக்கத்தைத் தடுக்க எழுதிய விதி இன்றும் கூகுளின் ஸ்பேம் கொள்கைகளில் இருக்கிறது. வெள்ளையில் வெள்ளை எழுத்து, படத்துக்குப் பின்னால் உரையை வைப்பது, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கொண்டு உரையைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவது, எழுத்தின் அளவையோ ஒளிபுகாத்தன்மையையோ பூஜ்யமாக்குவது, பத்தியின் நடுவே ஒரு சிறுகோட்டை மட்டும் இணைப்பாக்கி ஒளித்து வைப்பது எல்லாம் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. அதே பகுதியில், எவையெல்லாம் குற்றம் அல்ல என்றும் எழுதியிருக்கிறார்கள்: விரிந்து சுருங்கும் பெட்டிகள், டேப்கள், ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படவரிசைகள், சுட்டியை மேலே கொண்டுபோனால் தோன்றும் குறிப்புகள், திரைவாசிப்பு மென்பொருளுக்காக மட்டும் வைக்கப்பட்ட உரை. உங்கள் நண்பர் விதியின் முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்.

விதியின் மையம் இரண்டு சொற்றொடர்களில் இருக்கிறது. தேடுபொறியை ஏமாற்றும் ஒரே நோக்கத்தோடு வைத்திருக்க வேண்டும். பார்க்க வரும் மனிதருக்கு எளிதில் தென்படாதபடியும் இருக்க வேண்டும். உங்கள் "சரிசெய்யும் முறை" என்ற தலைப்பு திரையில் தெரிகிறது, அழுத்தலாம் என்று பார்த்தவுடன் புரிகிறது, அழுத்தினால் தலைப்பு சொன்ன பொருளே உள்ளே இருக்கிறது. இதில் மறைவு எங்கே இருக்கிறது? அலமாரிக் கதவு சாத்தியிருப்பதும், பொருளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவதும் ஒன்றல்ல.

குறியீட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். மூடிய பெட்டியை மறைக்கவும் "டிஸ்ப்ளே: நன்" என்ற சிஎஸ்எஸ் வரிதான் பயன்படுகிறது, ஏமாற்றுக்காரனும் அதே வரியைத்தான் எழுதுகிறான், இயந்திரம் எப்படிப் பிரித்தறியும் என்று. அந்த ஒரு வரியை வைத்து மட்டும் தீர்ப்பு சொன்னால் இணையத்தில் தப்பும் பக்கம் அநேகமாக ஒன்றுமே இருக்காது. கைபேசித் தளங்களின் பட்டியல் பொத்தான், அழுத்தினால் இறங்கும் துணைப்பட்டியல், மூடிக் கிடக்கும் உள்நுழைவுக் கட்டம் எல்லாம் அதே வரியாலோ அதன் உறவுகளாலோதான் ஒளிந்திருக்கின்றன. விக்கிப்பீடியாவைக் கைபேசியில் திறந்து பாருங்கள். முன்னுரையைத் தவிர மற்றப் பிரிவுகள் தலைப்புகளுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். மடிப்பது குற்றமென்றால் முதலில் கூண்டில் ஏற வேண்டியது அதுதான்.

நண்பருக்கு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கேட்டது முழுக்கப் புரளியும் அல்ல, பழைய செய்தி. 2014இல் கூகுளின் ஜான் முல்லர், அழுத்தினால் விரியும் உள்ளடக்கத்துக்கு மதிப்பைக் குறைத்துக் கணக்கிடக்கூடும் என்று வலைத்தள உரிமையாளர்களிடம் சொன்னார். காரணம் எளிமையானது. ஒருவர் ஒன்றைத் தேடி வந்து, திரையில் அது இல்லாவிட்டால் ஏமாந்து போவார்; ஆகவே கண்ணெதிரே இருப்பதற்கே முதல் மதிப்பு. அது தண்டனை அல்ல, எடையைக் குறைப்பது. ஆனால் செய்தி கைமாறக் கைமாற "குறைத்து மதிப்பிடுவார்கள்" என்பது "தூக்கிவிடுவார்கள்" என்று வளர்ந்துவிட்டது. எங்கள் துறையில் வதந்திகள் பெரும்பாலும் இப்படித்தான் பருக்கின்றன.

பிறகு நிலைமை தலைகீழானது. 2016 நவம்பரில், இனிப் பக்கங்களின் கைபேசிப் பதிப்பையே முதன்மையாக எடுத்துக்கொள்ளப் போவதாகக் கூகுள் அறிவித்தது. கைபேசித் திரையில் இடமே கிடையாது. மடிக்காமல் எப்படி அடுக்குவது? பயன்பாட்டு வசதிக்காக மடித்து வைத்த உரைக்கு இந்தப் புதிய முறையில் முழு எடை உண்டு என்று அப்போது கூகுளின் கேரி இல்யெஸ் சொன்னார். 2018 மார்ச்சில் தளங்களை அந்த முறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2023 அக்டோபரில் மாற்றம் முடிந்ததாக அறிவித்தார்கள். கைபேசிப் பதிப்பில் இடம் போதவில்லையென்றால் உள்ளடக்கத்தை வெட்டாதீர்கள், டேப்களிலோ விரியும் பெட்டிகளிலோ வையுங்கள் என்று அவர்களின் வழிகாட்டியே சொல்கிறது. கணினித் திரையில் முழுவதும் காட்டிவிட்டு, கைபேசியில் பாதியை நீக்கிவிடுவதுதான் இன்று ஆபத்து. நீக்கியது கூகுளின் கணக்கிலேயே வராது.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றால், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் பெட்டிகளில் இருக்கும் உரை, பக்கம் திறக்கும்போதே வந்துவிடுகிறது. திரையில் மட்டும் மடங்கியிருக்கிறது. வாசகர் குறிப்புகளோ அப்படியில்லை. ஒருவர் டேப்பை அழுத்திய பிறகுதான் உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுந்து போய் சர்வரிலிருந்து அவற்றைக் கேட்டு வாங்கி வருகிறது. அதற்குத்தான் அந்தச் சக்கரம். பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் எதையும் அழுத்தாது. 2019 மே முதல் அது குரோம் உலாவியின் புதிய இயந்திரத்தைக் கொண்டே பக்கங்களை வரைந்து பார்க்கிறது, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும். ஆனால் பொத்தானைச் சொடுக்காது, எழுத்துக் கட்டத்தில் தட்டச்சு செய்யாது, விரலால் தள்ளாது. கீழே உருட்டுவதற்குப் பதிலாகத் தன் திரையையே மிக நீளமாக்கிக்கொண்டு பார்க்கும். ஆகவே, அழுத்தினால்தான் வந்து சேரும் உரை அதைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

இதுவே நீங்கள் உண்மையில் இழந்துகொண்டிருப்பது. ஒரு குறிப்பிட்ட ஊசியை மாற்றியதும் நூல் அறுவது நின்றது என்று ஒரு வாசகர் எழுதியிருப்பார். அதே சிக்கலில் இருப்பவர் அதே சொற்களைத் தட்டித் தேடுவார். அவருக்கு உங்கள் பக்கம் கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் இதை நானே கோட்டை விட்டேன். பெட்டிகள் குற்றமா இல்லையா என்று அவரோடு நாள் முழுக்க வாதாடிவிட்டு, அந்தப் பெட்டிகளின் உள்ளடக்கம் அழுத்திய பிறகுதான் வருகிறது என்பதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த உரையைத் தேடுபொறி பார்த்ததே இல்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் கருவிக்குள் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். நேரடிச் சோதனையை ஓட்டுங்கள். சோதித்த பக்கத்தைக் காட்டும் இடத்தில் பக்கத்தின் குறியீட்டைக் காட்டும் எச்டிஎம்எல் பகுதி இருக்கும். அதில் "சரிசெய்யும் முறை" பெட்டிக்குள் இருக்கும் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பெட்டியைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அடுத்து, வாசகர் குறிப்பு ஒன்றிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். கிடைக்காது என்றே நினைக்கிறேன். அதன் அருகே தெரியும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் மூடிய பெட்டி மூடியபடியே இருக்கும், பார்த்ததும் பதறிவிடுவீர்கள். பார்க்க வேண்டியது எச்டிஎம்எல்லை மட்டும்.

திருத்தம் உங்கள் நிரலாளருக்குப் பெரிய வேலையாக இருக்காது. குறிப்புகள் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிட்டு டேப்புக்குள் மடித்து வைக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் பயனுள்ள பத்தோ பதினைந்தோ பக்கத்தோடு வரட்டும். மீதிக்குத் தனி முகவரியுள்ள ஒரு பக்கம் வைத்து, சாதாரண இணைப்பு கொடுங்கள். பொத்தானை அழுத்தாத கூகுள்பாட், முகவரியுள்ள இணைப்பைப் பின்தொடரும். கூகுள் ஜாவாஸ்கிரிப்டையாவது ஓட்டிப் பார்க்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சேவைகளுக்காக உலவும் பாட்களில் பல அதைக்கூடச் செய்வதில்லை. சர்வரிலிருந்து முதலில் வரும் எச்டிஎம்எல்லிலேயே உரை இருந்தால் எவருக்கும் சிக்கல் இல்லை.

முழு எடை உண்டு என்று கூகுளே சொன்ன பிறகும், பக்கத்தின் முக்கியமான விடையை நான் பெட்டிக்குள் போட மாட்டேன். இது விதி அல்ல, என் தீர்மானம். "நூல் அடிக்கடி அறுவது ஏன்" என்று தேடி வருபவர், ஊசியைத் துணியில் குத்தியபடி, ஒரு கையில் கைபேசியை வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கம் திறந்ததும் அவர் பார்ப்பது மூடிய தலைப்புகளின் வரிசை. எதை அழுத்துவது என்று யோசிக்கும் நேரத்தில் பின்னால் போய் அடுத்த முடிவைத் திறந்துவிடுவார். தேடல் முடிவில் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் வரியையே துணுக்காகப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இன்னும் மோசம். தான் படித்த வரி பக்கத்தில் காணவில்லையே என்று நினைப்பார். ஆகவே காரணங்கள் பகுதியைத் திறந்தே வையுங்கள். ஊசி மழுங்கியிருக்கலாம், நூலின் இழுவிசை கூடியிருக்கலாம், நூல் கோத்த வழி தவறியிருக்கலாம் என்று ஒரு சிறு பத்தி போதும். சரிசெய்யும் முறையின் முதல் படிகளும் கண்ணில் படட்டும். கருவிகளும் கேள்வி பதில்களும் மடங்கியே இருக்கட்டும். அனுமார் வாலும் பாதியாகிவிடும்.

பெட்டிகளை எப்படிச் செய்திருக்கிறார் என்று நிரலாளரிடம் கேளுங்கள். எச்டிஎம்எல்லிலேயே டீடெயில்ஸ், சம்மரி என்று இதற்கென்றே இரண்டு குறிகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே விரியும், விசைப்பலகையால் இயங்கும், திரைவாசிப்பு மென்பொருளுக்கும் புரியும். சொந்தமாகச் சுட்ட பெட்டிகளில் ஒரு தொல்லை உண்டு: உலாவியில் "பக்கத்தில் தேடு" என்று கொடுத்தால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் சொல் அகப்படாது. குரோம் இப்போது மூடிய டீடெயில்ஸ் பெட்டிக்குள்ளும் தேடி, கிடைத்தால் தானே திறந்து காட்டுகிறது. வேறு வகைப் பெட்டிகளுக்கும் அதே வசதியைத் தர, குறியீட்டில் எழுதும் "அன்டில்-ஃபவுண்ட்" என்ற மதிப்பு 2022இல் வந்தது. அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வாசகர்கள் உங்களுக்கு இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அச்சிடும்போது பெட்டிகள் திறந்துகொள்ளும்படி செய்யச் சொல்லுங்கள். தரவரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி பதில் பகுதிக்குத் தனிக் குறியீடு சேர்த்தால் தேடல் முடிவிலேயே கேள்விகள் தோன்றும் என்று யாராவது விற்க வந்தால், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்டிலேயே அந்தத் தோற்றத்தை நன்கு அறியப்பட்ட அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது.

இனி அந்த அடிப்பெட்டி. கடிதத்தில் நீங்கள் மிகக் குறைவாக எழுதியிருப்பது இதைப் பற்றித்தான், நான் மிக அதிகமாக யோசித்ததும் இதைப் பற்றித்தான். இன்றே அதைத் திறந்து, முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "தையல் இயந்திரம் பழுது, தையல் மெஷின் ரிப்பேர், தையல் மிஷின் சரிசெய்ய, சிறந்த தையல் இயந்திரப் பழுது" என்று ஓடினால், அது யாருக்கும் எழுதியது அல்ல. அதைப் படித்து எந்த இயந்திரமும் ஓடப்போவதில்லை. அதன் குற்றம் மூடியிருப்பது அல்ல. திறந்து வைத்தாலும் குற்றம்தான். திறவுச்சொல் திணிப்பு என்று கொள்கையில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. சொன்னேனே இரண்டு சொற்றொடர்கள், அவை இரண்டும் பொருந்தக்கூடிய இடம் உங்கள் தளத்தில் இது ஒன்றுதான். எழுத்தின் நிறத்தையும் அளவையும் கூடப் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் ஒரு வித்தையோடு நிறுத்தமாட்டார்கள்.

அப்படியான வரிகள் இருந்தால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்குங்கள். பெட்டியின் பெயரை மாற்றுவதோ வரிகளைப் பாதியாகக் குறைப்பதோ வேண்டாம். பிறகு சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். கூகுளின் ஊழியர் எவராவது உங்கள் தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுத்திருந்தால் மறைக்கப்பட்ட உரை, திறவுச்சொல் திணிப்பு என்ற காரணத்தோடு அங்கே எழுதியிருக்கும். எழுதியிருந்தால், நீக்கிய பின் என்ன செய்தீர்கள் என்பதை விளக்கி மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் விண்ணப்பமும் தேவையில்லை. நீக்கியதோடு வேலை முடிந்தது. பெட்டிக்குள் இருப்பது உண்மையிலேயே பயனுள்ள தகவல் என்றால், அதற்கு "மேலும் தகவல்" என்பதைவிடத் தெளிவான தலைப்பு ஒன்று கொடுத்து மேலே கொண்டுவாருங்கள். வருகிறவர் அழுத்திப் பார்க்க ஒரு காரணம் வேண்டாமா?

பூதக்கண்ணாடிக்குள் இருக்கும் "தேடு" என்ற சொல்லை எடுக்காதீர்கள். பார்வையற்றவர் ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளோடு உங்கள் தளத்துக்கு வந்தால், அந்தப் படத்தை அது வாசித்துக் காட்ட வேறு வழியில்லை; அச்சொல் இல்லாவிட்டால் வெறுமனே "பொத்தான்" என்று மட்டும் சொல்லும். அதை வைத்தவர் அடிப்பெட்டியை வைத்த அதே ஆள்தானா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். அதே ஆள் என்றால், ஒரு நல்ல காரியமும் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.